கொக்கியை மாட்டியது யார்?

வணக்கம்.

நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஓர் ஆசிரியை. எங்கள் பெண்கள் பாடசாலையில் 16, 17 வயது மாணவிகள் 24 பேரை, தலைமைத்துவப் பயிற்சிக்கென்று போன தவணை ஒரு சாகசப் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். கம்பிக் கயிற்றில் சறுக்கினார்கள், வலையில் ஏறினார்கள், ஆற்றில் படகு விட்டார்கள். பிள்ளைகளுக்குச் சரியான சந்தோஷம். ஆனால் திரும்பி வந்த பிறகு பார்த்தால், கூட்டத்தில் முன்பு பேசிய அதே மூன்று பேர்தான் இப்போதும் பேசுகிறார்கள். மற்றவர்கள் "மிஸ் சொல்லுங்கோ, செய்யிறம்" என்று நிற்கிறார்கள். செலவோ பெரிது. பெற்றோர் இரவு தங்க விடமாட்டார்கள். அடுத்த முறை எதை மாற்றவேண்டும்? அல்லது இந்த வெளிக்களப் பயிற்சியே எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவராதா?

ஓர் ஆசிரியை, கொழும்பு 6

அன்புள்ள ஆசிரியைக்கு,

"மிஸ் சொல்லுங்கோ, செய்யிறம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு முழு நாளும் பிள்ளைகள் செய்ததும் அதைத்தான். கம்பிக் கயிற்றில் சறுக்கப்போன பிள்ளைக்கு இடுப்பு வாரைப் பூங்காக்காரர் ஒருவர் கட்டினார், கொக்கியை இன்னொருவர் மாட்டினார், "போ" என்று மூன்றாமவர் சொன்னார். பயத்தோடு பயமாக அவள் காலை எடுத்தது உண்மை, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சில விநாடிகளில் அவள் தீர்மானிப்பதற்கென்று எதுவும் இருக்கவில்லை. தீர்மானிக்காத இடத்தில் தைரியம் வரலாம், தலைமை வராது.

உளவியலாளர் அல்பர்ட் பண்டுரா 1977 இல் எழுதியதை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்த்தது, மற்றவர் சொல்லும் ஊக்கம், தன் உடம்பின் படபடப்பைத் தான் எப்படி விளங்கிக்கொள்கிறாள் என்பது. இவற்றில் முதலாவதுதான் மிக வலியது. நாங்கள் பாடசாலையில் ஆண்டு முழுக்கக் கொடுப்பது மூன்றாவதை.

ஆகவே மாற்றவேண்டியது இடத்தை அல்ல. பாதை, நேரம், தண்ணீர், திரும்புவதா போவதா என்ற தீர்மானம், இந்த நான்கையும் பிள்ளைகளின் கைக்கு மாற்றுங்கள். அதற்கு ஒரு நாள் நடை போதும், இரவு தங்கத் தேவையில்லை.

24 பேரை ஒன்றாகக் கொண்டுபோகாதீர்கள். எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழுவில் இருந்தால் பின்னால் வருபவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது, அங்கேயே "சொல்லுங்கோ, செய்யிறம்" தொடங்கிவிடும். எட்டெட்டாக மூன்று குழு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெரியவர்கள், இருவரும் பெண்கள். வெவ்வேறு சனிக்கிழமைகளில் போகலாம்.

இடத்துக்கு ஒரு யோசனை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் வழியாக 22 கட்டங்களாகப் போகும் பீக்கோ பாதையின் முதலாவது கட்டம், கண்டி ஹந்தானையில் இருந்து கலஹா வரை. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். பெப்ரவரியில் வையுங்கள். மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் கூடுதல். போவதற்கு இரண்டு நாளுக்கு முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அறிவிப்பையும் பாருங்கள். பாருங்கள் என்றால் நீங்கள் அல்ல, அன்றைய தலைவி பார்க்கவேண்டும்.

நேரக் கணக்கையும் அவர்களே போடட்டும். மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலதிகமாக 1 மணித்தியாலம் என்ற நெய்ஸ்மித் கணக்கு 1892 இல் இருந்து இருக்கிறது. அது ஸ்கொட்லாந்து மலைக்கு, பழகிய கால்களுக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு, எங்கள் வெயிலுக்கு, மணிக்கு 3 கிலோமீட்டர் என்று பிடியுங்கள். 13 கிலோமீட்டருக்கு 4 மணி 20 நிமிடம். வரைபடத்தில் எண்ணிப்பார்த்த ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 30 நிமிடம். மணிக்கு 10 நிமிட ஆறுதல், மொத்தம் 40. சாப்பாட்டுக்கு 30. கூட்டினால் 6 மணித்தியாலம். வெள்ளவத்தையில் அதிகாலை 4 மணிக்கு வான் வெளிக்கிட்டால் 8 மணிக்கு நடக்கத் தொடங்கலாம், 2 மணிக்குக் கலஹா. வான் சாரதி இடையில் நித்திரை கொள்ளவேண்டும் என்பதையும் இந்தத் திட்டத்தில் எழுதவேண்டும். பலர் மறக்கிற ஆபத்து மலையில் இல்லை, இரவு திரும்பிவரும் வீதியில் இருக்கிறது.

இனி ஒரு கேள்வியை அந்தப் பிள்ளைகளிடம் விடுங்கள்: பாதித் தூரத்துக்கு எத்தனை மணிக்கு வந்து சேராவிட்டால் திரும்புவது? 11 மணி என்று எழுதினால் எழுதியதுதான். 11.05க்குக் கால்கள் நன்றாக இருக்கும், முன்னால் காட்சி அழகாக இருக்கும், யாரோ ஒருத்தி "கொஞ்சத் தூரம்தானே" என்பாள். அந்த இடத்தில் "திரும்புவம்" என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை சொல்லி, மற்ற ஏழு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினால், உங்கள் பயிற்சி நடந்துவிட்டது. 2016 மே 21 அன்று ஜெயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அதே பயணத்தில் அவரோடு போன யொஹான் பீரிஸ், ஒட்சிசன் பிரச்சினையால் உச்சிக்குச் சுமார் 400 மீட்டர் கீழே நின்று திரும்பிவிட்டார். 2018 இல் மறுபடி போய் ஏறினார். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நடக்கும்போது நான்கு பொறுப்புகள்: தலைவி, வரைபடம் பார்ப்பவள், நேரம் பார்ப்பவள், கடைசி ஆள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாறவேண்டும். தலைவி முன்னால் நடக்கக்கூடாது. வரைபடக்காரி முன்னால், அவளுக்குப் பின்னால் குழுவிலேயே மெதுவாக நடக்கிற பிள்ளை, தலைவி நடுவில். நடுவில் நின்றால்தான் யாருக்குக் கால் நோகிறது, யார் தண்ணீர் குடிக்காமல் வருகிறாள் என்பது கண்ணில் படும். எப்போதும் பேசுகிற அந்த மூன்று பேரையும் முதல் முறை தலைவியாக்காதீர்கள், கடைசி ஆளாகப் போடுங்கள். மிக அமைதியான பிள்ளையையும் முதலில் போடாதீர்கள். அவள் தன்னைப் போன்ற ஒருத்தி தடுமாறிச் சமாளிப்பதைப் பார்க்கட்டும், மூன்றாவது முறை அவளுடையது.

தோட்டத்துக்குள் வழி கேட்பதும் தலைவியின் வேலை. கொழுந்து எடுப்பவர்களோடு தமிழிலேயே பேசலாம், எங்கள் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய வசதி. ஆனால் "இதுதானே கலஹா போற பாதை?" என்று கேட்டால் மரியாதைக்கு "ஓம்" என்றுதான் பதில் வரும். "கலஹாவுக்கு எந்தப் பக்கம் போகவேணும் அக்கா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது பெரியவர்களின் பகுதி. கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு பெரியவர்களும் 30 மீட்டர் பின்னால் வரவேண்டும். வாகனப் பாதை, தண்ணீர் ஓரம், செங்குத்துச் சரிவு, இடி, குளவி: இந்த ஐந்துக்கு மட்டும் வாய் திறக்கலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடியை விடக் குறைவென்றால் உடனே மேட்டை விட்டு இறங்கவேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் நகரக்கூடாது. குளவி கலைந்தால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு விரைவாக விலகவேண்டும். மற்றபடி பிழையான சந்தியில் திரும்பினால் 20 நிமிடம் வரை பேசாமல் பின்னால் போங்கள். அதற்கு நீங்கள் இருவரும் அந்தப் பாதையை முன்கூட்டியே நடந்திருக்கவேண்டும். தெரியாத பாதையில் யாராலும் வாயை மூடிக்கொண்டு இருக்கமுடியாது.

வாயை விடக் கையை அடக்குவது கடினம். காற்றடிக்கிற இடத்தில் ஒரு பிள்ளை சின்ன கேஸ் அடுப்பை மூட்டப் பார்க்கிறாள். முதல் குச்சி அணைகிறது. இரண்டாவது முறிகிறது. வியர்த்த விரல் பட்டுப் பெட்டியின் மருந்துப் பக்கம் நனைந்துவிட்டது, மூன்றாவது குச்சி உரசியும் பற்றவில்லை. அவள் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள். "கொண்டா பிள்ளை, நான் செய்யிறன்" என்று கை நீளும். நீட்டாதீர்கள். இன்னும் அரை நிமிடத்தில் அவள் பெட்டியின் மற்றப் பக்கத்தைத் திருப்புவாள், அல்லது இரண்டு பேரைக் கூப்பிட்டு முதுகால் காற்றை மறைக்கச் சொல்லுவாள். ஆட்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தாளே, அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். நீங்கள் மூட்டிக் கொடுத்தால் தேநீர் மட்டும்தான் கிடைக்கும்.

ஹந்தானைக்கு முன் கொழும்பிலேயே மூன்று சனிக்கிழமை காலை வேண்டும். ஒன்று விகாரமகாதேவிப் பூங்காவில்: திசைகாட்டி பிடிப்பது, 100 மீட்டருக்குத் தன் காலடி எத்தனை என்று எண்ணிவைப்பது. வலது கால் ஊன்றும்போது மட்டும் எண்ணினால் அநேகமாக 65 இலிருந்து 75க்குள் வரும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் 2 சென்ரிமீட்டர் ஒரு கிலோமீட்டர். இரண்டாவது பெத்தகான ஈரநிலப் பூங்காவில், எட்டுப் பேர் பிரியாமல் நடக்கப் பழக. மூன்றாவது பாடசாலை மைதானத்தில், தறப்பாள் கட்டவும் அடுப்பு மூட்டவும். எட்டுப் பேருக்கு 800 கிராம் அரிசி, பருப்பு, ஒரு மீன் ரின். சமையல் கருகினால் கருகியதைச் சாப்பிடட்டும்.

விலை கூடிய பை வாங்கத் தேவையில்லை, பாடசாலைப் பை போதும். தண்ணீர்ப் போத்தல்கள் முதுகோடு ஒட்டி, வாரை இறுக்கிப் பையின் மேல்விளிம்பு தோள்மட்டத்துக்கு வரவேண்டும். பை புட்டத்தில் இடித்தால் இரண்டு மணித்தியாலத்தில் தோள் வெட்டும். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர், மொத்தப் பாரம் 5 கிலோவுக்கு உள்ளே. கழுத்தில் விசில்.

மாதவிடாய் பற்றி முதல் கூட்டத்திலேயே, பிளாஸ்டரைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். நப்கின், கடதாசி, இரண்டு ஸிப் பைகள், நாற்றம் பிடிக்கக் கொஞ்சம் காய்ந்த தேயிலை, எல்லாம் ஒரு கறுப்புப் பையில், அது பொதுப் பொருட்களோடு. யாரும் கேட்காமல் எடுக்கலாம். பலர் "வயிற்றுக்குத்து மிஸ்" என்று வராமல் விடுவது இதற்காகத்தான். மலசலம் கழிக்க இடமில்லாத பகுதியில் தண்ணீரில் இருந்து 60 மீட்டர் தள்ளி, 15 சென்ரிமீட்டர் குழி. தலை மூடும் பிள்ளைகளுக்கு ஊசி குத்தாத, இழுத்துப் போடுகிற துணி நல்லது.

அடுத்த முறையும் படகு விட்டால், பாதுகாப்பு அங்கி சரியா என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் சோதிக்கட்டும். தோளில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கவேண்டும், அங்கி காதுவரை வந்தால் பக்க வாரை இன்னும் இறுக்கவேண்டும். "பயப்படாதே, பாய்" என்று யாரையும் தண்ணீரில் குதிக்கவைக்காதீர்கள். மறுக்கும் உரிமை அவளுக்கு வேண்டும். மறுத்தவள் கரையில் கயிறு பிடிக்கலாம், நேரம் பார்க்கலாம், சும்மா இருக்கமட்டும் விடாதீர்கள்.

நடை முடிந்ததும் 20 நிமிடம் வட்டமாக இருந்து பேசவேண்டும், வானுக்குள் அல்ல. "எப்படி இருந்தது?" என்றால் "நல்லம் மிஸ்" என்பார்கள். "எந்த இடத்தில் மனதை மாற்றினாய், ஏன்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். "கெட்டிக்காரி" என்பதை விட "9.40க்கு நிறுத்தி எல்லாருடைய போத்தலையும் பார்த்தாய்" என்பது அவளோடு வீட்டுக்குப் போகும். இரண்டு கிழமைக்குள் பாடசாலையில் அதே அளவு உண்மையான ஒரு பொறுப்பு அவளுக்குக் கிடைக்கவேண்டும்: ஒரு நிகழ்ச்சியின் காசுக்கணக்கு, பஸ் ஒழுங்கு, ஏதாவது. கிடைக்காவிட்டால் மலையில் வந்தது மலையோடு நின்றுவிடும்.

"எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவராதா" என்று கேட்டீர்கள். இலங்கையில் பெண் சாரணியர் இயக்கம் 1917 இலேயே கண்டியில் தொடங்கிவிட்டது. சரிவரும்.

பெற்றோர் விஷயம். நீங்கள் அவர்களிடம் பேசவேண்டாம். எட்டுப் பிள்ளைகளும் பெற்றோரைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு, ஒரு தாளை வைத்துக்கொண்டு அவர்களே விளக்கட்டும்: பாதை, நேரம், கூட வரும் இரண்டு பெண்கள், வான் இலக்கம், கிட்டிய வைத்தியசாலை, 1990 அம்புலன்ஸ், எந்த இடத்தில் போனுக்குச் சிக்னல் இராது, எத்தனை மணிக்கு அழைப்போம், எத்தனை மணிக்குப் பிறகும் அழைப்பு வராவிட்டால் யாரைக் கேட்கவேண்டும். ஓர் அம்மா எழும்பி "மழை வந்தா என்ன செய்வியள்?" என்பார். உங்கள் பக்கம் திரும்பாமல் ஒரு பிள்ளை அதற்குப் பதில் சொல்லவேண்டும். முதலாவது ஏற்றம் அதுதான், அதற்கு முதல்நாளே ஒத்திகை பாருங்கள்.

அந்தத் தாளைப் பிள்ளைகள் தங்கள் கையால் எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். நேரக் கணக்கைப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.