மகளை யாழ்ப்பாணத்து விடுதிப் பாடசாலைக்கு அனுப்பலாமா?

கேள்வி: அண்ணை, நான் பரந்தனில் நாலு ஏக்கர் வயல் செய்கிறேன். மகள் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்தவள். யாழ்ப்பாணத்தில் பெயர்போன ஒரு தனியார் பாடசாலையில் விடுதியோடு ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஆறு இலட்சம் வரும். கனடாவில் இருக்கிற என் தமையன் பாதி தருகிறேன் என்கிறார். மிச்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று யோசிக்கிறோம். இது பெறுமதியா?

பதில்: தம்பி, முதலில் பிள்ளைக்கு என் வாழ்த்துகள். இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஆறு இலட்சம் என்பது ஒரு வருடக் கணக்கு. உயர்தரம் முடிய எட்டு வருடம், அதாவது கட்டணம் ஒரு சதமும் கூடாவிட்டாலே 48 இலட்சம். வருடத்துக்கு 8 வீதம் ஏறினால் 64 இலட்சத்துக்குக் கிட்டப் போகும். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட நாட்டில் இருந்துகொண்டு, இந்த எட்டு வீதத்தைப் பெரிய ஏற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமையன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் எட்டு வருடம் என்பது அவருடைய பிள்ளைகளும் கம்பஸ் போகிற காலம், அதையும் யோசியுங்கள்.

எனக்கு அதிகம் பயமாக இருப்பது அந்த நகைதான். முதலாம் தவணைக் காசு ஜனவரியில் கட்ட வேண்டும். அப்போது காலபோக நெல் வயலில் நிற்கும், கையில் இருந்ததெல்லாம் உரத்துக்கும் மருந்துக்கும் போயிருக்கும். அதனால் நகை வங்கிக்குப் போகும், அறுவடை முடிந்து நெல்லை விற்றுத்தான் மீட்க வேண்டும். நெல்விலை விழுந்தால், அல்லது இரணைமடுக் குளத்தில் தண்ணீர் போதாமல் அடுத்த பருவமான சிறுபோகத்துக்கு உங்களுக்குக் கொஞ்ச நிலமே விதைக்கக் கிடைத்தால், அந்த நகை அங்கேயே கிடந்து வட்டி ஏறும். அடுத்த தவணைக்கு வைக்க வேறு நகை இருக்கிறதா?

இன்னொன்றையும் பெற்றோர் கவனிப்பதில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எந்த மாவட்டம் என்பதற்குக் கடைசி வருடங்களில் பிள்ளை எங்கே படித்தாள் என்று பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் படித்து முடித்தால் அவள் யாழ் மாவட்டப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டி வரும், அங்கே வெட்டுப்புள்ளி வழக்கமாக உங்கள் கிளிநொச்சி மாவட்டத்தை விடக் கூட. அதாவது 60 இலட்சம் செலவழித்து, வீட்டோடு இருந்தால் கிடைக்கக்கூடிய ஒரு வாய்ப்பைக் கைவிடுகிறீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இந்தப் பகுதியை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அந்தப் பாடசாலையில் ஒன்றுமில்லை என்று சொல்லவரவில்லை. நல்ல ஆங்கிலம், ஆய்வுகூடம், விளையாட்டு, தன் காலில் நிற்கிற பழக்கம், இதெல்லாம் உண்மையான பயன். எங்கள் பக்கத்தில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் தட்டுப்பாடு இருக்கிறதும் உண்மை. உங்கள் ஊர்ப் பாடசாலையில் அந்த இரண்டுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரிலே போய்க் கேளுங்கள். இல்லையென்றால் கிளிநொச்சி நகரத்தில் ஒரு நல்ல பாடசாலைக்கு முயற்சி செய்யுங்கள். பஸ் காசு, ஆங்கில வகுப்பு, கணித ரியூசன், புத்தகம் எல்லாம் போட்டாலும் ஆறு இலட்சத்தில் கால்வாசி வராது.

தமையனிடம், பாடசாலைக்குத் தர நினைத்த காசில் முடிந்ததை வருடாவருடம் மகளின் பெயரில் நிரந்தர வைப்பில் போடச் சொல்லுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மடிகணினிக்கும் காசு வேண்டும், அது அப்போது உதவும். அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில்தானே இருக்கிறது.

தமையன் எட்டு வருடக் காசையும் இப்போதே ஒன்றாகக் கொண்டுவந்து வங்கியில் போட்டால் என் பதில் மாறும். அப்போதும் மகளைக் கூட்டிப் போய் விடுதியைக் காட்டி, அங்கே இருக்க அவளுக்கு விருப்பமா என்று கேட்டபிறகே கையெழுத்து வையுங்கள்.