94 முறை வரியை ஏற்றினாரா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் வந்தாலே, ‘நடுத்தர வர்க்கத்தின் வரியை உயர்த்த இத்தனை முறை ஓட்டுப் போட்டவர்’ என்று எதிராளியைச் சாடுகிறார்கள். இந்த எண்களுக்கு அர்த்தம் உண்டா?

பதில்: எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்று தெரியாதவரை, இல்லை. 2008 அதிபர் தேர்தலில், அப்போது செனட் (மேலவை) உறுப்பினராக இருந்த ஒபாமா மீது சொல்லப்பட்ட எண் 94. பிரித்துப் பார்த்தால், அதில் 23 ஓட்டுகள் வரிக்குறைப்பு வேண்டாம் என்று போட்டவை. அவற்றால் யாருக்கும் ஒரு சென்ட்கூட ஏறியிருக்காது. 11 ஓட்டுகள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களைத் தொட்டவை. ஒரே விஷயத்துக்கு இரண்டு மூன்று முறை நடந்த ஓட்டுகளும் தனித்தனியாக எண்ணப்பட்டன.

அதே ஆண்டு, ‘42,000 டாலர் வாங்குபவருக்கும் வரியை ஏற்றினார்’ என்ற பேச்சும் கிளம்பியது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தனிநபரின் நிலையான கழிவு 5,450, தனிநபர் விலக்கு 3,500. கழித்தால் வரிக்குரிய வருமானம் 33,050. அப்போது 25% விகிதம் தொடங்கியது 32,550 டாலரில். அவர் ஆதரித்த தீர்மானப்படி அந்த விகிதம் 28% ஆனாலும் கூடுதல் 3% விழுவது மிச்சமுள்ள 500 டாலர் மீது மட்டும்தான். ஆக, ஆண்டுக்கு 15 டாலர்! அதுவும் ஓட்டு நடந்தது பட்ஜெட் தீர்மானத்தின் மீது. அது அதிபரின் கையெழுத்துக்கே போகாது, சட்டமும் ஆகாது.

கேள்வி: இரு வேட்பாளர்களின் ஓட்டுகளை நாமே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

பதில்: பெயரை வைத்துத் தேடாதீர்கள், சட்டத்தை வைத்துத் தேடுங்கள். 2001, 2003, 2012, 2017, 2025 ஆண்டுகளின் வரிச் சட்டங்களை எடுத்துக்கொண்டால் போதும். ஒவ்வொன்றிலும் இறுதி ஓட்டின் ரோல் கால் (யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பெயர்வாரிப் பதிவு) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் வரிசை ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதால் ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்தப் பதிவின் பக்கத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ‘கேள்வி’ என்ற வரி. மசோதாவை நிறைவேற்றவா, திருத்தத்துக்கா, விவாதத்தை முடிக்கவா? பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். விவாதத்தை முடிக்கும் ஓட்டு தோற்கப்போகிறது என்று தெரிந்தால், செனட் பெரும்பான்மைத் தலைவர் தன் கட்சி மசோதாவுக்கே ‘வேண்டாம்’ போடுவார். தோற்ற பக்கத்தில் ஓட்டுப் போட்டவருக்கு அதை மறுபடி எடுக்கக் கோரும் உரிமை இல்லை, காரணம் அவ்வளவே. பட்டியலில் பார்ப்பவருக்கோ அது துரோகமாகத் தெரியும்.

இரட்டை எண்ணிக்கையும் வரும். 2017 சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபை (கீழவை) டிசம்பர் 19-ல் 227–203 என்று ஓட்டுப் போட்டது. செனட் விதிக்குப் பொருந்தாத சில பிரிவுகள் நீக்கப்பட்டதால் மறுநாளே 224–201 என்று மீண்டும் போட வேண்டியதாயிற்று. சட்டம் ஒன்றுதான்.

கேள்வி: ஒருவர் ஓட்டை மாற்றிப் போட்டிருந்தால்?

பதில்: இரண்டையும் தேதியோடு எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். 2008-ல் ஒபாமாவை எதிர்த்து நின்ற செனட்டர் மெக்கெய்ன் 2001, 2003 வரிக்குறைப்புகளை எதிர்த்தார். 2006-ல் அவற்றில் சிலவற்றை நீட்டிக்க ஆதரவாக ஓட்டளித்தார். 2017 இறுதி ஓட்டின்போது சிகிச்சையில் இருந்ததால் வரவில்லை. ‘ஓட்டளிக்கவில்லை’ என்பதற்குத் தனி நெடுவரிசை ஒதுக்குங்கள். ‘எதிர்த்தார்’ என்பதோடு சேர்த்துவிடாதீர்கள்.