சாட்சி சொன்னவன் விழுந்தால்?

அன்புள்ள அம்மா,

எனக்கு 41 வயது. 14 மாதம் குடிக்காமல் இருந்தேன். ஒரு உபவாச ஜெபத்தில் முழங்காலில் நின்று அழுத அன்றோடு விட்டவன். அதைச் சபையில் சாட்சியாகவும் சொன்னேன். இரண்டு மாதம் முன்பு எனக்கு வரவேண்டிய பதவியை என்னைவிட இளையவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை குடித்தேன். அப்புறம் நாலைந்து தடவை.

மனைவிக்குத் தெரியும். சண்டைகூடப் போடவில்லை, "இனி சம்பளத்தை என்னிடம் கொடுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னாள். அந்த 14 மாதம் கணக்கில் வராதா? போதகரிடம் சொன்னேன். "இன்னும் ஜெபியுங்கள் பிரதர்" என்றார். ஜெபிக்காமலா இருக்கிறேன்? பாடற்குழுவிலிருந்தும் கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கச் சொன்னார். கேட்பவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வசனம் சொன்னால் பிசாசு ஓடிப்போவான் என்று சின்ன வயதில் படித்தேன். அன்று வசனத்தைச் சொல்லிக்கொண்டேதான் கடைக்குள் போனேன். என் சாட்சியைக் கேட்டுக் குடியை விட்ட ஒரு தம்பி அடிக்கடி போன் செய்வான், என்ன பேசுவது என்று நான் எடுப்பதில்லை, இப்போது மூன்று வாரமாக அவனும் கூப்பிடுவதில்லை, அது ஒரு நிம்மதி. ஆனால் வீட்டில்தான் நிம்மதியே இல்லை. அந்தப் பதவி மட்டும் கிடைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. மனைவி என்னைச் சந்தேகமாகப் பார்க்கும்போது இன்னும் குடிக்கத்தான் தோன்றுகிறது. தேவன் என்னைக் கைவிட்டாரா? அல்லது என் விசுவாசமே பொய்யா?

இப்படிக்கு,
ஒரு சகோதரன்

அன்புள்ள சகோதரருக்கு,

பதவியையும் மனைவியையும் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தம்பி ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போகிறான். "நிம்மதி" என்கிறீர்கள். நம்ப முடியவில்லை. நிம்மதியாக இருப்பவர் மூன்று வாரத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

மற்றதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 14 மாதம் கணக்கில் வந்ததால்தான் உங்கள் மனைவி சண்டை போடாமல் சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டார். அவர் பக்கம்தான் நானும். போதகர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பேசியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொண்டையைப் பற்றிய பொய் அவர் சொன்னதில்லை.

வசனம் பலிக்கவில்லை என்கிறீர்கள். வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு வசனத்தால் பதில் சொன்னார், உண்மைதான். ஆனால் போத்திபாரின் வீட்டில் எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோது, யோசேப்பு நின்று வசனம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். சோதனையோடு தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். போக்கு என்றால் வழி. அதில் நடக்க வேண்டியது கால். உங்கள் வாய் வசனத்தில் இருந்தது, கால் கடையை நோக்கிப் போனது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தம்மைத் தெரியாது என்று சீஷனாகிய பேதுரு மறுதலிப்பான் என்று இயேசுவுக்கு முன்பே தெரியும். அன்றிரவு அவர் சொன்னதை லூக்கா 22-ல் பாருங்கள். நீ விழாதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்று அவர் சொல்லவில்லை. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு" வேண்டிக்கொண்டேன் என்றார். அதோடு, "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று ஒரு வேலையையும் கொடுத்தார். விழுவதற்கு முன்பே கொடுத்த வேலை அது.

ஆகவே தேவன் உங்களைக் கைவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒருவரைக் கைவிட்டது நீங்கள்தான். ஒரே இரவில் விடுதலை பெற்றவர் என்று சபையில் உங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் போனை எடுக்காமல் இருக்கிறீர்கள். உங்கள் விசுவாசம் பொய்யில்லை. அந்தச் சாட்சிதான் பழசாகிவிட்டது, அதைத் திருத்திச் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்த பில் வில்சன், வந்த வியாபாரம் கைகூடாமல் தனியாக நிற்கிறார். அங்கேயே மதுக்கூடம். உங்கள் பதவி போன மாலையைப் போன்ற ஒரு நேரம். அவர் போய் நின்றது தொலைபேசி முன்னால். ஒரு குருவானவரைக் கூப்பிட்டு, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். ஊழியம் செய்ய அல்ல, தான் குடிக்காமல் இருக்க. அப்படிக் கிடைத்தவர்தான் மருத்துவர் பாப் ஸ்மித். அவரும் சில வாரங்களில் ஒருமுறை மறுபடி குடித்தார்! அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான், இவர்கள் இருவரும் தொடங்கிய பெயர் சொல்லாக் குடிநோயாளிகள் அமைப்பு (Alcoholics Anonymous) தன் தொடக்க நாளாக வைத்திருக்கிறது.

நாலைந்து தடவை என்பது உண்மையில் தினமும் என்றால், நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

அந்தத் தம்பியை இன்றே நீங்கள் கூப்பிடுங்கள். அவனும் விழுந்திருக்கலாம். நன்றாகவே இருந்துகொண்டு, அண்ணனுக்கு என்ன ஆயிற்றோ என்று தவித்துக்கொண்டும் இருக்கலாம். எடுத்தான் என்றால், தயவுசெய்து தொண்டை சரியில்லை என்று ஆரம்பிக்காதீர்கள்.