கழுத்து ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் கையைத் தூக்கினால் தோள்பட்டை இழுக்கிறது. இது நரம்பா, சதையா?

சாரத்தில் நின்று பெயிண்ட் அடிக்கிறவரோ, எலக்ட்ரீஷியனோ, கையைத் தூக்கியே பிழைக்கிறவர் போலிருக்கிறது நீங்கள். கழுத்து ஸ்கேன் நன்றாக இருந்தால் கழுத்து நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். தோள்பட்டை நரம்புக்கு அது சான்றிதழ் ஆகாது.

நான் கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்க்கிறவன். சுவர் உச்சியை அண்ணாந்துதான் தேய்க்கணும். வலது தோளுக்குப் பின்னால் ஆழத்தில் குடைச்சல். "வாய்வுப்பா, பூண்டு வறுத்துத் தின்னு" என்றார்கள் வீட்டு ஆச்சி. ஒரு டாக்டர் கழுத்தைப் படமெடுத்து, தேய்மானம் என்று மாத்திரை எழுதினார். சட்டையைக் கழற்றக்கூடச் சொல்லவில்லை.

காரைக்குடியில் ஒரு பிசியோதெரபி அம்மாதான் முதுகைப் பார்த்தார். முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் தள்ளச் சொன்னார். அவர் இரண்டு விரலால் தடுத்ததையே என்னால் தள்ள முடியவில்லை. என் போனிலேயே முதுகைப் படமெடுத்துக் காட்டினார். தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே இடப்பக்கம் சதை, வலப்பக்கம் குழி.

மதுரையில் ஊசி குத்திப் பார்க்கும் ஈஎம்ஜி சோதனையில் உறுதியானது. சுப்ராஸ்கேபுலர் நரம்பு, தோளுக்குப் பின்னால் இருக்கும் சதைகளை இயக்குவது. அந்த எலும்பின் மேல்விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம், அதன்மேல் கெட்டியான ஒரு நார். இரண்டுக்கும் நடுவே இந்த நரம்பு நுழைந்து போகிறது. கையை முழுக்க 180 டிகிரி தூக்கும்போது அதில் சுமார் 60 டிகிரி தோள்பட்டை எலும்பே சுழல்வதால் வருவது. எலும்பு சுழலச் சுழல நரம்பு அந்த விளிம்பில் மடங்கி உரசும். கையை மார்புக்குக் குறுக்கே இழுத்தாலும் இறுகும். வாலிபால்காரர்கள் சிலருக்கு இதே நரம்பு இன்னும் கொஞ்சம் கீழே நசுங்கி, வலியே தெரியாமல் சதை வற்றிவிடும். சுவரைத் தள்ளும்போது எலும்பே துருத்திக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் வேறு நரம்பு.

'கொத்தனாருக்கு என்ன தெரியும்' என்று வரிந்துகட்டி வருகிறவர்களுக்கு: டாக்டர் சொன்னதைத்தான் சொல்கிறேன். எல்லாத் தோள்வலியும் நரம்பு என்று நான் சொல்லவில்லை. பலருக்கு வெறும் சதைப்பிடிப்புதான். எனக்குத் தோளைத் தனியாக எம்ஆர்ஐ எடுத்து, நீர்க்கட்டி எதுவும் அழுத்தவில்லை என்று பார்த்த பிறகே பயிற்சி கொடுத்தார்கள். அண்ணாந்து பார்க்கும் வேலையை நிறுத்தியதும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறியது.

நிறுத்தினால் கூலி? 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. எல்லோர் வாயிலும் பாரம்பரியம். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துச் சுண்ணாம்பைக் கண்ணாடியாக இழைக்கிறவனுக்கு மட்டும் சுவருக்குச் சாதாரண புட்டி பூசுகிற கூலி. உதவிக்கு ஒரு ஆள் கேட்டேன். ஓட்டலாக்கிய வீட்டின் மேனேஜர், "மெஷின்ல தேய்க்க முடியாதா?" என்கிறார்.

சரி, உங்கள் விஷயம். வீட்டில் யாரையாவது உங்கள் முதுகைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் போட்டோவோடு நரம்பு டாக்டரைப் பாருங்கள். அதை இங்கே இணையத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆளுக்கொரு தைலம் சொல்வார்கள்.