ரால்ஃப் பர்ன்ஸ் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, பர்ன்ஸ் சினிமாவுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில்: நல்ல இடத்தில் ஆரம்பித்தீர்கள். அமெரிக்கரான வுடி ஹெர்மனின் ஜாஸ் குழுவில் பியானோ வாசிக்கப் போனவர், போன இடத்தில் குழுவுக்கே இசைக்கோர்ப்பு, அதாவது மெட்டை எந்த வாத்தியம் எப்படி வாசிக்க வேண்டும் என்று, எழுதுகிற ஆளாகிவிட்டார். 1946 மார்ச்சில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில், அந்தக் குழுவுக்காகவே ரஷ்ய இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி எழுதிய 'எபனி கான்செர்டோ' அரங்கேறிய அதே கச்சேரியில் இவருடைய 'சம்மர் சீக்வென்ஸ்'ஸும் வாசிக்கப்பட்டது. அப்போது வயது 23! முதலில் அது மூன்று பகுதிதான். அடுத்த வருஷம் நாலாவதைச் சேர்த்தார், அதிலிருந்து முளைத்ததுதான் 1948 கடைசியில் பதிவான 'அர்லி ஆட்டம்'. அதில் வாசித்த சில நொடி சாக்ஸபோன்தான் ஸ்டான் கெட்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்தது. முதலில் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஜாஸ் பற்றி ஆவணப்படம் எடுத்தாரே, அவரா?

பதில்: அவர் கென் பர்ன்ஸ்.

கேள்வி: அண்ணா, 'காபரே'வுக்கு ஆஸ்கர் வாங்கினாரே, அந்தப் பாட்டெல்லாம் இவர் போட்டதுதானே?

பதில்: இல்லை. மெட்டு ஜான் காண்டர், வரிகள் ஃப்ரெட் எப். 1972இல் வந்த படத்துக்கு அந்த மெட்டுகளை இசைக்குழுவுக்கு எழுதியவர் பர்ன்ஸ், விருதும் அதற்குத்தான். 'ஆல் தட் ஜாஸ்' படத்துக்கு வாங்கிய ஆஸ்கரும் இதே கதை. டைட்டிலில் யார் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், எப்போதும் சொல்வதுதான்.

கேள்வி: 'சிகாகோ' நாடகத்துக்கு இசை இவரா?

பதில்: மேலே படியுங்கள். அதுவும் காண்டர் மெட்டு, 1975 மேடைக்கு இசைக்கோர்ப்பு பர்ன்ஸ்.

கேள்வி: மெட்டு போட்டவர் இருக்கும்போது, நகலெடுக்கிறவருக்கு எதற்கு ஆஸ்கர்?

பதில்: நகலா? மெட்டு ஒற்றை வரி. அதை எந்த வாத்தியம் எடுக்கும், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் யார் உள்ளே வருவார், டிரம்பெட் எப்போது வாயை மூடும், இதெல்லாம் யார் முடிவு? 1959இல் ரே சார்ல்ஸ் பாடிய 'கம் ரெய்ன் ஆர் கம் ஷைன்' பழைய பாட்டுதான், அதற்கு பர்ன்ஸ் எழுதிய வயலின்களை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் அவரையும் இசையமைப்பாளர் என்று சொல்லிவிடலாமே?

பதில்: சொல்லலாம், ஆனால் சரியான காரணத்துக்காகச் சொல்லுங்கள். 'மை ஃபேவரிட் இயர்', 'ஸ்டார் 80' படங்களுக்கு அவரே இசையமைத்தார். காண்டர் மெட்டைத் தூக்கி இவர் தலையில் வைக்காதீர்கள், இவருடைய உழைப்பை நகல் என்றும் தள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் இதே தப்பு.

கேள்வி: சார், 'ஸ்வீட் சாரிட்டி' இசை நாடகத்துப் பாட்டு இவருடையதுதானே?

பதில்: மெட்டு சை கோல்மன். மேலே படியுங்கள் சாமி.