இது யாருடைய காட்சி? ஃப்ரேம் பற்றிய கேள்வி பதில்

காட்பாடியில் இருந்துகொண்டு ஒளிப்பதிவு செய்கிறேன். நம் பக்கத்துக் குறும்படக்காரர்கள் ஃப்ரேம் வைப்பது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

குடியாத்தம்: அண்ணா, குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும் அப்பா. வாசலில் நின்று காலேஜ் ஃபீஸ் கேட்கும் மகன். கேமராவை எங்கே வைப்பது?

தம்பி, முதலில் இது யாருடைய காட்சி என்று ஸ்கிரிப்ட் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். லென்ஸ் எல்லாம் அப்புறம்.

அப்பாவுடையது என்றால், குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடியில்தான் இருக்கும். கேமராவும் அங்கேயே இருக்கட்டும். மகனின் முகத்தைப் பிடிக்க மேலே தூக்காதீர்கள். அவன் வெறும் கால்களாகவும் பேன்ட்டாகவும் வாசல் வெளிச்சத்தில் நிற்பான், குரல் மட்டும் மேலிருந்து வரும். பணம் கேட்கும் குரல் அப்பாவுக்கு அப்படித்தான் கேட்கும்.

மகனுடையது என்றால் வாசலில் நின்ற உயரத்திலிருந்து கீழே பாருங்கள். நிலைக்கதவுச் சட்டம் இரண்டு பக்கமும் ஃப்ரேமை நெருக்கட்டும். பாவு நூலுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தலையும் கையும் மட்டும் தெரிந்தால் போதும். அந்த ஆளிடம் மேலும் பணம் கேட்க அவனுக்கு வாய் வராது என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

எந்த வழியில் போனாலும் குளோஸ்அப்பைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். மகன் குந்தி உட்கார்ந்து, இரண்டு பேர் கண்ணும் ஒரே உயரத்துக்கு வருகிற நொடி ஒன்று உங்கள் கதையில் இருக்கிறது. முதல் குளோஸ்அப் அங்கே வரட்டும்.

ஆற்காடு: ஃப்ரேமை நெட்டிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, அந்தக் கோடுகளின் மேல் ஆளை வைக்கும் ரூல் ஆஃப் தேர்ட்ஸ் கட்டாயமா?

இல்லை. கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகுவது போல. கை பழகிய பிறகு, மாட்டிக்கொண்ட மனிதனை நட்டநடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்துங்கள்.

ராணிப்பேட்டை: 50,000 ரூபாய்க்குள் எந்தக் கேமரா வாங்கலாம்?

கடைக்காரரைக் கேளுங்கள். இங்கே ஃப்ரேம் மட்டும்.

வாணியம்பாடி: லோ ஆங்கிள் வைத்தால் ஆள் பலசாலியாகத் தெரிவார் என்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் ஓசு படங்களில் கேமரா எப்போதும் தாழத்தான் இருக்கிறது. யாரும் ஹீரோ மாதிரி தெரியவில்லையே?

நல்ல கேள்வி. தாழ வைப்பது வேறு, அண்ணாந்து பார்ப்பது வேறு. ஓசு கேமராவைப் பாயில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கும் கீழே இறக்குவார், ஆனால் லென்ஸை ஏறக்குறைய மட்டமாகவே பிடிப்பார். பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ். 1953-இல் வந்த ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பாருங்கள், நாமும் அந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பலசாலி ஆக்குவது மேல்நோக்கிய சாய்வு, உயரம் அல்ல.

சத்துவாச்சாரி: அப்பாவின் வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வேலூர் வந்த பெண். ஒரு மாலை கோட்டை அகழி ஓரம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கோட்டையின் ட்ரோன் ஷாட்டில் படத்தைத் தொடங்கலாமா?

வேண்டாம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். யாருடைய காட்சி? அவளுடையது. ட்ரோன் ஊரை முழுக்க அறிந்தவன் கண். அவளுக்கு இந்த ஊரில் ஆஸ்பத்திரியும் லாட்ஜும்தான் தெரியும்.

வேலப்பாடி: ஊரைக் காட்டாமல் எப்படி அண்ணா? எஸ்டாப்ளிஷிங் ஷாட் இல்லாமல் பார்ப்பவர் குழம்ப மாட்டாரா?

குழம்பட்டும். அவளும் குழம்பித்தானே இருக்கிறாள்? மேலிருந்து பார்த்தால் கோட்டை ஒரு வரைபடம். அகழிக்கு இந்தப் பக்கம் கண் உயரத்தில் நின்று பாருங்கள், அந்தக் கருங்கல் சுவரின் கனம் தெரியும்.

தோட்டப்பாளையம்: நான் வேலப்பாடிக்காரர் பக்கம். அவள் எவ்வளவு தனி என்பதை மேலிருந்துதானே காட்ட முடியும்?

இதில் நியாயம் இருக்கிறது. தனிமைக்கு ஆளைச் சின்னதாக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையில் நின்றே ஆக்கலாம். தண்ணீருக்குக் குறுக்கே லாங் ஷாட், முக்கால் ஃப்ரேம் சுவர், கீழ் ஓரத்தில் கட்டைவிரல் அளவு அவள், பக்கத்தில் காலி இடம்.

மறுபடி தோட்டப்பாளையம்: அப்போ டாப் ஷாட்டே கூடாதா?

கூடும். கடைசியில் வையுங்கள். தெருக்கள் எல்லாம் அவளுக்குப் பழகி, ஊருக்குக் கிளம்பும் நாளில் மேலிருந்து பார்த்தால், அது அவள் கண்ணாகிவிடும். இதை உங்கள் வாதம்தான் எனக்குக் காட்டியது.

ஆம்பூர்: பிரியாணிக் கடையில் எதிரெதிரே இரண்டு பேர். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டில் கட் பண்ணினால் பார்வை இடிக்கிறது.

இமேஜினரி லைனைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து, அதன் ஒரே பக்கத்தில் நில்லுங்கள்.

ஆரணி, போளூர், இன்னும் இரண்டு பேர்: பேக்ரவுண்டை நன்றாக ப்ளர் செய்வது எப்படி?

நான்கு பேர் ஒரே கேள்வி. ஏன் ப்ளர் என்று ஒருவரும் எழுதவில்லை. ஆரணியில் எடுத்துவிட்டு ஆரணியை அழித்தால் அங்கே ஏன் எடுக்க வேண்டும்? 1941-இல் ‘சிட்டிசன் கேன்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் என்ன செய்தார் என்று பாருங்கள். முன்னால் அம்மா மகனை ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள். பின்னால் ஜன்னலுக்கு வெளியே பையன் பனியில் விளையாடுகிறான். இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. பையனை மங்கலாக்கியிருந்தால் வெறும் கையெழுத்துதான் மிஞ்சியிருக்கும். யார் காட்சி என்று எழுதினால் எதை மங்கலாக்குவது என்பது தானாகத் தெரியும்.

செய்யாறு: மொபைலை நிமிர்த்தி எடுக்கலாமா?

தனியாக நிற்பவருக்குச் சரி. இரண்டு பேர் என்றால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாமல் ஒருவருக்குப் பின்னால் ஒருவரை நிறுத்துங்கள்.

பள்ளிகொண்டா: மே மாதம், பாலாற்று மணலில் நடுப்பகல் ஷூட்டிங். வானம் வெளுத்துப் போகிறது. தண்ணீர் தேடி நடக்கும் கிழவர்.

வெளுத்த வானம் கண்ணை இழுத்துக்கொள்ளும், அதை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளுங்கள். கரை மேல் ஏறிக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் ஃப்ரேம் முழுக்க மணல்தான். கிழவர் மேல் ஓரத்தில் சின்னதாக வரட்டும், அவர் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் உச்சிவெயில் நிழலோடு. அவர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்ச் சேரும் வரை கட் சொல்லாதீர்கள்.