மூன்று மாதப் பிள்ளைக்கு மூச்சில் சத்தம்: லேசர் இப்பவே வேணுமா?

நிறை ஏறி, பால் திணறாமல் குடித்தால், குரல்வளைக்குச் செய்யும் லேசர் சத்திரசிகிச்சைக்கு அவசரமில்லை. திருகோணமலையில் இருக்கும் நீங்கள் அதற்காகக் கொழும்புக்கு ஓடவும் தேவையில்லை.

மல்லாக்கப் படுத்தினால் கூடும் சத்தம் பெரும்பாலும் தொளதொளத்த குரல்வளை உள்ளே மடிவதால். அநேகமாக இரண்டு வயதுக்குள் இறுகிவிடும். எதுக்களிப்பு இருந்தால் குரல்வளையில் வீக்கம் கூடும். பால் கொடுத்தபின் அரை மணித்தியாலம் நிமிர்த்திப் பிடியுங்கள். ஆனால் குப்புறத் தூங்கவைக்காதீர்கள்.

சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பாருங்கள். மூச்சுக்கு மூச்சு ஆழமாகக் குழி விழுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இல்லாவிட்டாலும் ஈஎன்டி வைத்தியர் மூக்கால் கமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதி.

லேசரில் குரல்வளை மேலுள்ள கட்டையான மடிப்பை வெட்டிவிட்டு, மிஞ்சிய சவ்வைக் கொஞ்சம் எடுப்பார்கள். அளவு மீறினால் பால் புரையேறும், தழும்பு மூச்சுவழியை இறுக்கும்.

உதடு நீலமானால், மூச்சு நின்று நின்று வந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.